அப்பத்தாவின் மறதியும் லெக்கனெமாப் மருந்தும்

சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே அதை வளவெங்கும் தேடும் எங்கள் அப்பத்தாவைக் காரைக்குடி வீட்டில் பார்த்துவிட்டுப் போகும் பங்காளிகள், அல்சைமர் என்னும் மறதி நோய்க்குப் புது மருந்து வந்துவிட்டதாமே என்று கேட்கிறார்கள்.

2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப், மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றுவது பெட் ஸ்கேன் என்னும் மூளைப் படத்தில் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் சுமார் 1,800 பேரிடம் 18 மாதங்கள் நடந்த ஆய்வில், நோய் முற்றும் வேகம் 27 விழுக்காடு குறைந்ததே தவிர, போன நினைவு திரும்பவில்லை. அதுவும் நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அரைப் புள்ளிக்கும் குறைவான வேறுபாடுதான். தலைப்புச் செய்திகளில் இது ஏனோ இடம்பெறுவதில்லை.

மூளையில் வீக்கமோ இரத்தக்கசிவோ ஏற்படக்கூடும் என்பதால் அவ்வப்போது எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, தொடக்கத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய இம்மருந்து, நோயின் தொடக்க நிலையினருக்கே உரியது. அப்பத்தா அந்நிலையைத் தாண்டிவிட்டார். மருத்துவர் எழுதித்தந்த, மறதியின் அறிகுறிகளைச் சற்றே தணிக்கும் டோனெபெசில் மாத்திரையே இரவில் தொடர்கிறது.