சுரங்கச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு என்ன இருக்கிறது?

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் பஸ் மறுபடியும் நின்றுவிட்டது.

பக்கத்து சீட்டில் ஓசூர் பக்கத்து அக்கா ஒருவர். வீட்டு வேலைக்குப் போகிறவர். மடியில் எவர்சில்வர் தூக்கு.

"லேட்டா போனா அந்தம்மா மூஞ்சியே மாறிடும் தம்பி."

போனில் மணி பார்ப்பார். தூக்கின் கைப்பிடியை இறுக்குவார். திரும்பவும் பார்ப்பார். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

நகரின் வடக்கே இருக்கும் ஹெப்பாளிலிருந்து இதே சில்க் போர்டு வரைக்கும்தான் சுரங்கச் சாலை போடப் பேசுகிறார்கள். சுமார் 17 கிலோமீட்டர். 17,000 கோடி ரூபாய்க்கு மேல். உள்ளே போகச் சுங்கம். டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லையாம்.

அப்படியென்றால் அது காருக்கான சாலை. வேறென்ன?

லால்பாக் பூங்கா பக்கம் சுரங்கத்துக்கு நுழைவு வழி என்றதும் ஊரே கொதித்தது. அங்கிருக்கும் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். கொதித்ததில் நியாயம் இருக்கிறது. எனக்கு அதைவிட வலிப்பது இந்த பஸ்ஸில் நிற்கிறவர்களைப் பற்றி யாரும் பேசாததுதான்.

2025 ஆகஸ்டில் சில்க் போர்டு வழியாக மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் வந்தது. தொடக்கத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு ரயில்தான். அதற்கே எவ்வளவு கூட்டம்! வண்டி விட்டால் ஜனம் ஏறும்.

2019-ல் சில்க் போர்டிலிருந்து டின் ஃபேக்டரி வரை பஸ்ஸுக்கென்று தனிப் பாதை ஒதுக்கினார்கள். மெட்ரோ வேலை நடந்தபோது அது போய்விட்டது.

முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள். புறநகர் ரயிலை முடித்துக் கொடுங்கள். சுரங்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.