எறும்புக் கடை

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். சம்பளச் சீட்டில் 'சேல்ஸ்மேன்' என்றுதான் இருக்கும். ஆனால் நான் அதிகம் செய்தது பொம்மைகளுக்குச் சேலை கட்டிவிட்டது. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவனுக்கு இந்த வேலை எப்படி அமைந்தது என்றால், சேர்ந்த முதல் வாரம் ஒரு பொம்மைக்கு நான் வைத்த கொசுவம் நேராக விழுந்துவிட்டது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். பொம்மைக்கு நம் ஊர்ப் பெண்களைவிட அரை அடி உயரம் கூடுதல். 5.5 மீட்டர் சேலையை அதற்குக் கட்டினால் கணுக்கால் தெரியும். இறக்கிக் கட்டினால் முந்தி பிடிக்காது. கையைக் கழற்றி, ரவிக்கையை மாட்டி, முதுகுப் பக்கம் குண்டூசி குத்தி, திரும்பக் கையைப் பொருத்த வேண்டும். கண் நீலமாக இருக்கும். பொட்டு ஒட்டி, சவுரி வைத்து, எப்படியோ அதைத் தஞ்சாவூர் ஜில்லாவுக்குக் கொண்டுவருவோம். சேலை மாற்றும்போது பெரியண்ணன் வந்து தன் தோள் துண்டை எடுத்துப் பொம்மையின் மேல் போர்த்திவிட்டுப் போவார். கடையின் மூத்த சேல்ஸ்மேன் அவர். "பொம்மைதானேண்ணே" என்றால், "இருக்கட்டும் தம்பி" என்பார்.

இருந்த பொம்மைகளில் ஒன்றுக்கு ராஜாத்தி என்று பெயர் வைத்திருந்தோம். அதற்கு இடது கன்னத்தில் பெயின்ட் பெயர்ந்துபோய்விட்டது. அதனால் வலது கன்னம் தெரிகிற மாதிரியே திருப்பி நிறுத்துவோம். அதன் பீடத்துக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இடம். சேலைப் பிரிவுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு அங்கே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்கிற பிழைப்பு. நாற்காலி கல்லாவுக்கு மட்டும்தான். நான் ராஜாத்தியின் கொசுவத்தைச் சரிசெய்கிற பாவனையில் காவல் நிற்பேன். அந்தப் பொம்மைக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை கொசுவம் கலைந்தது என்று மேலாளர் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.

2006 தீபாவளிக்கு மறுநாள்தான் 'ஜூலாண்டர்' என்ற படத்தைப் பார்த்தோம். ஜவுளிக்கடைக்காரனுக்குத் தீபாவளி என்பது தூங்குகிற நாள். முந்தின ராத்திரி விடிய விடிய வியாபாரம் நடக்கும். எங்கள் பக்கம் தீபாவளி வியாபாரத்தைத் தீர்மானிப்பது மேட்டூர். ஜூன் 12 அன்று அணை திறந்து, குறுவைப் பயிர் மழையில் மாட்டாமல் அறுப்புக் கண்டால், குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்துவிட்டு, "எங்களுக்கு பொங்கலுக்குப் பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். இந்த வருடம் எந்த நிறம் ஓடும் என்று பாரிஸில் உட்கார்ந்து சொல்கிறவர்களுக்கு மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று தெரியுமா?

மறுநாள் கடையைத் திறந்து வைத்திருப்போம், ஈ காக்கை வராது. மூன்றாம் மாடி சேலை ஹாலில் ஒரு பெரிய டிவி உண்டு. மும்பை மாடல்கள் சேலை கட்டிக்கொண்டு நடந்து வருகிற காட்சியை நாள் முழுவதும் திரும்பத் திரும்ப அதில் ஓட்டுவார்கள். மேலாளர் மத்தியானம் சாப்பிடப் போனவர் மாலைதான் வருவார் என்று தகவல் வந்ததும், ரெடிமேட் பிரிவுப் பையன் ஒருவன் டிவிடி ஒன்றை எடுத்து நீட்டினான். 'ஜூலாண்டர்'. 2001-இல் வந்த அமெரிக்கப் படம். பென் ஸ்டில்லர் நடித்து, அவரே இயக்கியது. அவனுக்கும் அது என்ன படம் என்று தெரியாது. "ஃபேஷன் படம்ணே" என்றான்.

கதை கிறுக்குத்தனமானது. டெரெக் ஜூலாண்டர் என்று ஒரு ஆண் மாடல், சுத்த மண்டு. ஃபேஷன் உலகத்துப் பெரிய தலைகள் சேர்ந்து அவனை வசியப்படுத்தி, மலேசியப் பிரதமரைக் கொல்லப் பார்க்கிறார்கள். காரணம், குறைந்த கூலிக்குக் குழந்தைகளை வைத்துத் துணி தைப்பதை அந்தப் பிரதமர் தடுக்கப் போகிறார். சப்டைட்டில் இல்லை. பி.ஏ. ஆங்கிலம் நான் ஒருவன்தான். ஆகவே டிவி பக்கத்தில் நின்று வசனத்தைத் தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர்கள் பேசிய வேகத்துக்குப் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. மீதியை நானாக இட்டுக்கட்டினேன். ஆகவே கீழே வரும் அபிப்பிராயங்களில் ஒரு பங்கு ஹாலிவுட்டுக்கு, ஒரு பங்கு எனக்கு.

முதலில் கோபப்பட்டவர் வாட்ச்மேன். அவர் தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். இவரும் ஈப்போவில் ஏழெட்டு வருடம் இருந்து வந்தவர். "மலேசியாப் பிரதமர்னு எதுக்குப் பேரைச் சொல்றான்? நம்ம நாட்டுப் பிரதமரை இப்படிக் காட்டுனா விடுவோமா?" என்று எழுந்தேவிட்டார். சிரிக்கத்தானே எடுத்திருக்கிறார்கள் என்றோம். "சோறு போட்ட நாடுய்யா அது" என்றார். மலேசியாவின் தணிக்கைக்காரர்களும் படத்தை அங்கே திரையிட விடவில்லை என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

கூட்டத்திலேயே அதிகம் சிரித்தது பில் போடுகிற அக்கா. டெரெக்கிடம் புகழ்பெற்ற 'பார்வைகள்' சில உண்டு. ஒன்றின் பெயர் நீல எஃகு, இன்னொன்று ஃபெராரி, இன்னொன்று புலி. உதட்டைக் குவித்துக் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொள்வான். எல்லாம் அதே மூஞ்சிதான். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சூரத்திலிருந்து வருகிற ஒரே கட்டுச் சேலையைப் படம் ஓடினால் படத்தின் பெயரிலும், சீரியல் ஓடினால் சீரியலின் பெயரிலும் நாங்கள் விற்போம். பாலித்தீன் கவரில் ஸ்டிக்கர் மட்டும் மாறும். கம்ப்யூட்டரில் கோடு நம்பர் மாறாது. அது அக்கா ஒருவருக்குத்தான் தெரியும். "இவனுக்கும் ஒரே கோடுதான் தம்பி" என்றார். எங்கள் அம்மா காலத்தில் நதியா கம்மல், நதியா வளையல் என்று ஊரே அலைந்ததே, அதற்கு முன்னால் அந்தக் கம்மலுக்கு என்ன பெயர் இருந்திருக்கும்?

மாடல்கள் பெட்ரோல் பங்க்கில் ஒருவர் மேல் ஒருவர் பெட்ரோல் பீய்ச்சி விளையாடி வெடித்துச் சாகிற காட்சிக்கு யாரும் சிரிக்கவில்லை. "எவ்ளோ பெட்ரோல்" என்று மட்டும் ஒரு பெருமூச்சு வந்தது. மொபெட் வைத்திருந்தவன்.

அப்புறம் டெரெக் தன் ஊருக்குப் போவான். அப்பாவும் அண்ணன் தம்பிகளும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்திருக்கும்போது டிவியில் இவன் மீன்வால் கட்டிக்கொண்டு விளம்பரத்தில் வருவான், அப்பா தலை குனிந்துவிடுவார். இந்த இடத்தில் எனக்குத் தமிழ் தட்டியது. என் அப்பாவுக்கு வலங்கைமான் பக்கம் இரண்டு ஏக்கர். "மகன் என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால், "ஜவுளிக்கடையில் கணக்கு" என்றுதான் சொல்லிவந்தார். நான் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மையின் இடுப்பைக் கட்டிப்பிடித்து நின்றதை ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காட்சியில் நான் மொழிபெயர்த்தது "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று.

எறும்புக் காட்சிக்கு வருகிறேன். படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஒரு மையம் கட்டித் தருவதாகச் சொல்லி, அதன் சின்ன மாதிரிக் கட்டடத்தை டெரெக்கிடம் வில்லன் காட்டுவான். டெரெக் அதுதான் நிஜக் கட்டடம் என்று நினைத்துக்கொண்டு, "இது என்ன, எறும்புக்கா கட்டியிருக்கீங்க?" என்று போட்டு உடைப்பான். எங்கள் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், முதலாளி கட்டப்போகும் ஐந்து மாடிக் கடையின் மாதிரி அப்போது இருந்தது. சின்னச் சின்ன லைட், வாசலில் அரிசி அளவுக்குக் கார். வருகிற வியாபாரிகளிடமெல்லாம் முதலாளி அதைக் காட்டிப் பேசுவார். நான் அந்த வசனத்தைச் சொல்லி முடித்ததும் ஹாலில் ஒரு விநாடி அமைதி. பிறகு யாரோ "கீழே இருக்கே!" என்றார்கள். அவ்வளவுதான், சேலை ரேக்குகள் ஆடின. அன்றிலிருந்து எங்களுக்குள் அது எறும்புக் கடை. "நீ எறும்புக் கடைக்கு வருவியா, இல்ல வேற வேலை பாப்பியா?" என்றெல்லாம் பேச்சு ஓடியது. ஐந்து மாடி நிஜமாகவே எழும்பியபோது நான் அங்கே இல்லை.

பெரியண்ணன் சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திருபுவனத்துக்காரர், தறிக் குடும்பம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார். திருபுவனம் பட்டை விசிறி மடிப்பாக மடிப்பார்கள். அந்த மடிப்பிலிருந்து ஒரே வீச்சில் முந்தியை விரித்து, மேலே பறக்க விட்டு, தன் இடது முழங்கையில் இறக்குவார் பாருங்கள், வாங்க வந்தவர்கள் விலை கேட்க மறந்துவிடுவார்கள். படத்தில் ஒரு கை மாடல் வருவான். கையை மட்டும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பிழைத்தவன். அதைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துப் பாதுகாப்பான். எங்களுக்கெல்லாம் சிரிப்பு. பெரியண்ணன் மட்டும், "இதுல சிரிக்க என்ன இருக்கு? சேலையை விக்கிறது மூஞ்சியா? கைதான்" என்றார். அவர் பட்டுப் பிரிவில் இருக்கிறவரை மண்வெட்டி தொட்டதில்லை, வீட்டில் தேங்காய்கூட உரித்ததில்லை. நகம் ஜரிகையில் மாட்டிவிடுமாம்.

பெண்களுக்கு அதிகம் பிடித்தது டெரெக்கும் இன்னொரு மாடலும் போட்டி போட்டு நடக்கிற காட்சி. டேவிட் போவி என்கிற பாடகர் வந்து நடுவராக நிற்பார். "நடக்கிறதுக்குக் காசு குடுக்குறாங்களா!" என்று ஒருத்தி கேட்டாள். "நமக்கு நிக்கிறதுக்குக் குடுக்கலையா" என்றாள் இன்னொருத்தி.

கடைசியில் பெரிய ஃபேஷன் ஷோ. குப்பையும் கந்தலுமாக, தெருவில் படுத்திருப்பவர்களைப் பார்த்துச் செய்த உடைகள். இதை நான் வெறும் கிண்டல் என்றே நினைத்திருந்தேன். 2000-இல் பாரிஸில் டியோர் நிறுவனத்துக்காக ஜான் கலியானோ என்ற உடை வடிவமைப்பாளர் நிஜமாகவே வீடற்றவர்களின் தோற்றத்தை வைத்து உடை காட்டி, பெரிய சண்டையாகியிருக்கிறது. ஆனால் ரெடிமேட் பையனுக்கு ஆச்சரியமே இல்லை. "முட்டி கிழிஞ்ச ஜீன்ஸ் நல்ல ஜீன்ஸைவிட இருநூறு ரூவா ஜாஸ்திண்ணே நம்மகிட்ட" என்றான்.

அப்போதுதான் ஒரு பெண் கேட்டாள், "அண்ணே, அந்தப் பிரதமரைக் கொன்னுட்டாங்களா?" வேதாரண்யம் பக்கத்துப் பெண், எங்கள் கடைக்கு வந்து ஆறு மாதம்தான். அதற்கு முன் கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தவள். மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஏஜென்ட் சொல்லிக் கூட்டிப்போவார்களே, அந்த ஏற்பாட்டில். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர் வேறு. போனபோது பதினைந்து வயது. இரண்டரை வருடத்தில் உடம்பு முடியாமல் திரும்பிவிட்டாள், பணமும் கைக்கு வரவில்லை. நாங்கள் மூஞ்சிக்கும் மீன்வாலுக்கும் சிரித்துக்கொண்டிருந்த ஒன்றேகால் மணி நேரமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு ஆளைத்தான் போலிருக்கிறது.

நான் பதில் சொல்வதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். மேலாளர். யாரோ பாய்ந்து டிவியில் பழையபடி சேலைக்காரிகளை நடக்கவிட்டார்கள். டிவிடி மேலாளரின் சட்டைப் பைக்குள் போனது. ஆளுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார். தீபாவளி போனஸ் கையில் இருந்ததால் அது அவ்வளவாக வலிக்கவில்லை. அந்தப் பெண் ஒரு வாரம் விடாமல் கேட்டாள். எனக்கும் முடிவு தெரியாது. ஒருநாள், "பிழைச்சுட்டாரும்மா" என்று சொல்லிவைத்தேன்.

அந்தப் பொய் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. படத்தை மறுபடி முழுதாகப் பார்த்தது 2020 ஊரடங்கில், போனில். நான் இட்டுக்கட்டியது போகக் கதை எனக்கே புதிதாக இருந்தது. பிரதமர் பிழைத்துவிடுகிறார். வில்லன் ஆயுதம் ஒன்றை வீச, டெரெக் ஒரு புதுப் பார்வை பார்ப்பான். ஆயுதம் காற்றிலேயே நின்றுவிடும். அதற்குச் சற்று முன்னால் வில்லன், "எல்லாம் ஒரே மூஞ்சிதானே, யாருக்குமே தெரியலையா?" என்று கத்துவான். பில் போட்ட அக்காவை நினைத்துக்கொண்டேன்.

படம் வந்தபோது அமெரிக்காவில் யாருக்கும் சிரிக்க மனமில்லாத மாதம், இரட்டைக் கோபுரம் இடிந்த செப்டம்பர். ரோஜர் ஈபர்ட் என்ற பெயர் பெற்ற விமர்சகர் நான்குக்கு ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தார். குழந்தைத் தொழிலாளரையும் ஒரு நிஜ நாட்டின் பிரதமரைக் கொல்வதையும் வைத்தா காமெடி என்பது அவர் எரிச்சல். எங்கள் வாட்ச்மேன் சொன்னதில் பாதிதான் அது. எனக்கு அந்தக் கட்சி முழுதாக ஒப்புதல் இல்லை. அந்தப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டதே இந்தக் கிறுக்குப் படத்தால்தானே. துணிக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் கை இருக்கிறது என்று எங்கள் டிவியில் சொன்னது அது ஒன்றுதான். 2016-இல் இரண்டாம் பாகமும் எடுத்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று ஆக்கினார்கள். அப்போது நான் திருவிடைமருதூரில் சொந்தமாகச் சின்னக் கடை போட்டுவிட்டேன். ரவிக்கைத் துணி, லைனிங், பால்ஸ், அவ்வளவுதான். பழைய கடை புதுக் கட்டடத்துக்கு மாறியபோது கழித்துக் கட்டிய சாமான்களோடு ராஜாத்தியை 300 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். வாசலோரம் வலது கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் இரண்டு ஸ்டூல்.

போன ஆவணியில் அந்த வேதாரண்யத்துப் பெண் தன் மகளோடு வந்தார். இப்போது வாங்க போங்க என்றுதான் வருகிறது. ஸ்டூலைக் காட்டினேன். ராஜாத்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். பேச்சு வாக்கில், "அந்தப் படத்துல பிரதமர் நிஜமாவே பிழைச்சுட்டாரும்மா, நான் முழுசாப் பார்த்துட்டேன்" என்றேன்.

"அதைத்தான் நீங்க அன்னிக்கே சொல்லிட்டீங்களேண்ணே" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு மயில்கழுத்து நிறச் சேலையை எடுத்து, இதற்கு ஒரு மீட்டர் லைனிங் வேண்டும், சாயம் போகாததாகப் பார்த்துக் கொடுங்கள் என்றார்.