எல்லைக் கதியால்

2025 மார்ச் 3

மகளுக்குச் சீதன உறுதி எழுதுவதற்காகக் காணியை அளக்க வந்த நில அளவையாளர், பழைய படத்தை விரித்துவைத்து மத்தியானம் வரை அளந்துவிட்டு, மேற்கு வேலியில் அயலவர் எங்கள் பக்கம் வரவில்லை, நாங்களே அவருடைய காணிக்குள் ஏறக்குறைய ஒரு முழம் போயிருக்கிறோம் என்றார். பதினொரு வருடங்களாக நான் ஊரெல்லாம் சொல்லிவந்தது இதற்கு நேர்மாறானது. நான் உடனே கேட்டது, அவருடைய கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார் என்பதைத்தான்.

2025 மார்ச் 5

லியோன் பெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாவான கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இரண்டு நாட்களாக மனத்தில் உழல்கிறது. மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலையொன்றை ஒரு மணித்தியாலம் கொடுத்து, அது சுவையானதென்று அடுத்து வருபவரிடம் பொய் சொல்லச் சொன்னார்கள். சிலருக்கு 1 டொலர், சிலருக்கு 20 டொலர் கூலி. பின்னர் விசாரித்தபோது, வேலை உண்மையிலேயே நன்றாக இருந்ததென்று கூடுதலாகச் சொன்னவர்கள் 1 டொலர் வாங்கியவர்கள். 20 டொலர் வாங்கியவனுக்குத் தன் பொய்க்குக் காசு என்ற காரணம் இருந்தது. மற்றவனுக்குக் காரணம் போதாமையால், தன் எண்ணத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு முழ நிலமும் ஏறக்குறைய 1 டொலர் கூலிதான். அதில் ஒரு தென்னம்பிள்ளைகூட நட முடியாது. இவ்வளவு அற்பமான ஒன்றுக்காக ஒருவர் முகத்தில் விழியாமல் இருந்தேன் என்று ஒப்புவதைவிட, அவர் கள்ளன் என்று நம்புவது எனக்கு இலகுவாக இருந்திருக்கிறது.

2025 மார்ச் 9

வேலி அடைக்கும்போதெல்லாம் உக்கிய கதியாலுக்குப் பதில் புதிய கிளுவைக் கதியால் நடுவதுபோல, பழைய சண்டைக்கும் புதுக் காரணம் ஊன்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அவருடைய மகளின் கலியாணத்துக்கு நான் போகவில்லை. என் ஐயா சாகும்வரை அந்த எல்லையைச் சொல்லித்தான் கோபப்பட்டார். இப்போது பிழையை ஒப்புவதென்றால், ஐயாவின் கோபத்தையும் பிழையென்று சொல்லவேண்டும். தடுப்பது மானம் என்று முதலில் நினைத்தேன். மானத்தைவிட இறந்தவர்மீதுள்ள விசுவாசமே கூடுதலாகத் தடுக்கிறது.

2025 மார்ச் 14

என்ன சொல்வதென்று ஒழுங்கை முழுவதும் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வாயில் வந்த வசனங்கள் எல்லாம் "பிழைச்சுப் போச்சு" என்றே முடிந்தன. நம் பேச்சு இதற்கு வசதியானது: பிழை தானாகவே நடந்துவிடும், விட்டவன் எவனுமில்லை.

படலையைத் திறந்தவரிடம், "அண்ணை, எல்லை விசயத்திலை பிழை விட்டது நான்தான்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் சற்றுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, உள்ளே திரும்பி, "இஞ்சை வாரும், தம்பி சொல்லுறதை நீரும் ஒருக்காக் கேளும்" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

மனைவி கை துடைத்தபடி வந்து நின்றபோது என் வாயிலிருந்து வந்தது, "அக்கா, அந்த அளவு கொஞ்சம் பிழைச்சுப் போச்சு" என்பதுதான்.