மூடிக்கு ஒரு முறுக்கு ஸ்பிரிங்

மார்ச் 3, திங்கள்

இயந்திரத்தின் சேஃப்டி மூடி, கையை விட்டதும் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். 2 மி.மீ. ஸ்பிரிங் கம்பி, சுருளின் சராசரி விட்டம் 16 மி.மீ., ஆறு சுற்று, கால்கள் (சுருளின் இரு முனைகளிலும் நீளும் நேர்க்கம்பிகள்) தலா 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். மூடியிருக்கும்போதே கொடுத்து வைக்கும் முன்முறுக்கையும் சேர்த்து, மூடி முழுக்கத் திறக்கும்போது 90 டிகிரி முறுக்கேறும்.

இந்த முறுக்கு ஸ்பிரிங்கில் கம்பி வளைகிறது. அதனால் கணக்கில் வருவது யங் மாடுலஸ், அதாவது உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் எண். கால்களும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் ஆறு சுற்றை 6.4 என்று எடுத்தால் 90 டிகிரியில் சுமார் 745 நியூட்டன் மி.மீ. முறுக்கு விசை கிடைக்கிறது. மூடிக்கு அது போதும்.

மார்ச் 4, செவ்வாய்

சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளில் ஹெலிக்ஸ் (சுருள் கோடு) போட்டேன். பிட்ச், அதாவது சுற்றுக்குச் சுற்று இடைவெளி, 2.05 மி.மீ. சரியாக 2 கொடுத்தால் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு, ஸ்வீப் (கோட்டின் மேல் வட்டத்தை ஓடவிட்டுக் கம்பியாக்கும் கட்டளை) அடம்பிடிக்கும்.

கவனம் தேவைப்படுவது கால்களில்தான். ஹெலிக்ஸ் முடியும் இடத்தில் கம்பி ஏறக்குறைய 2.3 டிகிரி சாய்ந்து நிற்கிறது. தட்டையான பிளேனில் கோடு போட்டு ஒட்டினால் அந்த மூட்டில் ஒரு முறிவு விழும். திரையில் அது கண்ணுக்கே தெரியாது. 3டி ஸ்கெட்சில் ஹெலிக்ஸ் நுனியிலிருந்து கோடு இழுத்து டேன்ஜென்ட் உறவு (முறிவில்லாமல் தொட்டுத் தொடரும் நிபந்தனை) கொடுத்தேன். ஹெலிக்ஸ், இரு கால்கள் மூன்றையும் ஒரே கம்போசிட் (இணைந்த) வளைவாக்கி, 2 மி.மீ. வட்டத்தை அதன் மேல் ஓடவிட்டேன். கால் ஸ்பிரிங்கிலிருந்தே வழுக்கிக்கொண்டு வந்தது போல இருக்கிறது. அழகு!

மார்ச் 6, வியாழன்

முறுக்கேறாத ஓய்வு நிலை மாடலை மட்டும் அசெம்பிளியில் (எல்லாப் பாகங்களும் சேர்ந்த மாடலில்) போட்டுவிட்டு நிறுத்துவது எனக்கு ஒப்பாது. முறுக்கேறும்போது ஸ்பிரிங் ஒடுங்குகிறது. கம்பியின் நீளம் மாறாது, சுற்று கூடும், ஆகவே விட்டம் குறையத்தான் வேண்டும். ஈக்வேஷனில் ஒரே வரி: விட்டம் = 96 ÷ சுற்று. 6 என்றால் 16; 6.25 என்றால் 15.36. இரண்டு கான்ஃபிகரேஷனிலும் (மாடலின் இரு நிலைகளிலும்) சுருளில் உள்ள கம்பியின் நீளத்தை அளந்தேன், ஏறக்குறைய 302 மி.மீ. தான். ஆறு சுற்றில் இரு கால்களும் எதிரெதிராக ஒரே கோட்டில் நிற்கின்றன. கால்வாசிச் சுற்று கூடியதும் செங்கோணம் ஆகின்றன.

உள்விட்டம் 14-லிருந்து 13.36 ஆகிறது. ஸ்பிரிங்கின் நடுவே போகும் தண்டான ‘பின்’ 13.5 மி.மீ. என்றால் ஓய்வு நிலையில் தாராளமாக நுழையும், மூடி திறக்கும்போது இறுகிப் பிடித்துவிடும். 12 மி.மீ. பின் என்று முடிவு செய்தேன். சுற்று கூடுவதால் ஸ்பிரிங்கின் உடல் நீளமும் அரை மி.மீ. வளர்கிறது; பக்கவாட்டில் அந்த இடத்தையும் விட்டிருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். சுற்றுகிற அண்ணன் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: “சார், வலமா இடமா?” சுருள் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது நியாயமான கேள்வி. சுருள் இறுகும் திசையில்தான் சுமை விழ வேண்டும். பிரிக்கும் திசையில் விழுந்தால் சுற்றும்போது கம்பியில் தங்கிய இழுவிசை எதிராக வேலை செய்யும். வலம் என்று பெரிதாக எழுதினேன்.

“90 டிகிரியில எவ்வளவு விசை வேணும்னு போட்டுக்குடுங்க. கால் கோணத்தை மட்டும் எங்ககிட்ட விட்டுருங்க.” ஒப்புக்கொண்டேன். ஓய்வு நிலைக் கோணத்தைத் தகவலுக்கு மட்டும் என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, விசையையும் பின் அளவையும் கறாராக வைத்துத் திருத்திய வரைபடம் இன்று மாலையே போய்விட்டது.