நிகழ்காலப் பெயரெச்சம்

சிறப்பு மலர்க் குழுவிலிருந்து பேசிய தம்பி, "அண்ணே, பள்ளியில் மறக்க முடியாத பாடம் எதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். கணக்குப் பாடத்தை மறக்கத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டிருக்கிறேன். மறக்காமல் நிற்பது ஒரு இலக்கணப் பாடம். அதை நான் வகுப்பில் படிக்கவில்லை. 1977 நவம்பர் 11ஆம் தேதி இரவு, ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து படித்தேன்.

செம்பனார்கோயில் பக்கம் வயல்காட்டுப் பிள்ளை நான். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டினார். எங்கள் சபை உபதேசியார் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு, ஆறாம் வகுப்புக்குத் தரங்கம்பாடி போர்டிங்கில் கொண்டுவந்து விட்டார்கள். மாயவரம் மீட்டர்கேஜ் ரயிலில் ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், அம்மா கட்டிக் கொடுத்த பொரிமா உருண்டை. அந்த ரயில் எண்பதுகளில் நின்றுபோனது. சின்னவர்களிடம் சொன்னால், "தரங்கம்பாடிக்கு ரயிலா?" என்று சிரிக்கிறார்கள்.

அன்றைக்கு வரை நான் கடலைக் கேட்டதில்லை. பார்த்ததில்லை என்பது பெரிய விஷயமில்லை. எங்கள் ஊரில் ராத்திரிச் சத்தம் என்றால் தவளையும் மடையில் விழும் தண்ணீரும்தான். இங்கே விளக்கை அணைத்ததும், களத்தில் யாரோ ஓயாமல் நெல் தூற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு இரைச்சல். தூற்றுகிறவன் எப்போது நிறுத்துவான் என்று விழித்தே கிடந்தேன். நிறுத்தவே இல்லை. முதல் மாதம் முழுக்கப் போர்வைக்குள் அழுதேன். இரண்டாவது மாதத்திலும் அழுதேன், சத்தம் வராமல்.

இரவு ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காதவன் சாப்பாட்டு வரிசையில் கடைசி. கடைசி ஆளுக்குக் குழம்பில் தண்ணீர்தான் மிஞ்சும். ஆகவே பையன்கள் எல்லோரும் சின்ன வசனங்களைத் தேடிப்பிடிப்பதில் பண்டிதர்கள். "இயேசு கண்ணீர் விட்டார்" என்பது மூன்றே சொல். அதைப் பெரிய பையன்கள் முன்பே பிடித்துவைத்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது ஐந்து சொல், சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பக்தி எல்லாம் ஒன்றுமில்லை, குழம்புக்காகத்தான்.

வேதபாடமும் தமிழும் எடுத்தவர் ஒருவரே, தமிழய்யா. ஒல்லியான உடம்பு, வெளுத்த வேட்டி, சைக்கிள். புது எருசலேம் ஆலயத்தில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கல்லறை முன்னால் எங்களை நிறுத்திவைத்து ஒருமுறை சொன்னார்: "1706ல இங்க வந்து இறங்குனவர். நம்ம தமிழைக் கத்துக்கிட்டு 1715ல புதிய ஏற்பாட்டை இந்த ஊர்லயே அச்சடிச்சார். பழைய ஏற்பாட்டுல ரூத் வரைக்கும்தான் அவரால வர முடிஞ்சது. சங்கீதத்துக்கு வர்றதுக்குள்ள, 36 வயசுலயே போய்ட்டார். நீ குழம்புக்கு ஒப்பிக்கிறியே, அந்த வசனம் அவர் கை படாதது." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம். ஆனால் ரூத் வரைக்கும் என்பது மட்டும் மனசில் தைத்துவிட்டது.

அந்த வருஷம் தீபாவளியை ஒட்டி வந்தது புயல். ஊருக்குப் போக முடிந்த பையன்கள் போயிருந்தார்கள். பஸ் காசு இல்லாத இருபது பேர் போர்டிங்கில் இருந்தோம். சாயங்காலமே வானம் கெட்ட நிறத்தில் இருந்தது. இருட்டும்போது குப்பத்துச் சனம் பிள்ளைகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டது. எங்கள் விடுதியின் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்கியதும் எல்லோரையும் தளம் போட்ட கட்டடத்துக்கு மாற்றினார்கள். என் வகுப்பு பெஞ்சு நண்பனும் அங்கே இருந்தான், மீனவப் பையன். அவன் என் பாயில் வந்து ஒண்டிக்கொண்டான். என்னைவிடத் தைரியசாலி என்று நினைத்திருந்தேன். அவன் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

நடுராத்திரிக்குப் பிறகு ஒரு ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போனது. மழை குறுக்கே அடித்தது. அலை எங்கே, காற்று எங்கே என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. தமிழய்யா அரிக்கேன் விளக்கைப் பிடித்தபடி ஒவ்வொரு பையனாகத் தலையைத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். என் பக்கம் வந்ததும் விளக்கின் வெளிச்சம் சுவரில் ஆடியது. காற்றினால் என்று நினைத்தேன். அவர் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, உங்களுக்குப் பயமா?"

"ஆமாண்டா."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஏற்பட்டது ஆறுதல். இது தலைகீழாகத் தெரியலாம். பெரியவர்கள் "பயப்படாதே" என்று சொன்ன ராத்திரிகளில் எல்லாம் நான் கூடுதலாகப் பயந்திருக்கிறேன். பயப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்பது அப்போது உறுதியாகிவிடும்.

அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் ஈரத்திலேயே உட்கார்ந்தார். "உன் வசனத்தைச் சொல்லு."

சொன்னேன்.

"பயப்படுகிற. என்ன பெயரெச்சம்?"

வெளியே உலகம் அழிகிறது, இவர் இலக்கணம் கேட்கிறார். "நிகழ்காலப் பெயரெச்சம் ஐயா."

"நம்புவேன்?"

"எதிர்கால வினைமுற்று. தன்மை ஒருமை."

"பயம் இப்ப இருக்கு. தாவீது ராஜா அதை மறைக்கல. நம்பிக்கை இன்னும் வரல, வரும்னு சொல்றான். நம்புகிறேன்னு பொய் சொல்லல பாத்தியா? அதனால இப்ப நமக்குப் பயமா இருந்தா அது பாவம் இல்லடா. இருக்கட்டும்."

பிறகு மாற்கு எழுதின படகுக் கதையைச் சொன்னார். புயலில் எல்லோரும் கத்துகிறார்கள், இயேசு படகின் பின்பக்கம், பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார், எழுந்ததும் கடலைப் பார்த்து "இரையாதே, அமைதலாயிரு" என்கிறார். இரைதல் எங்கள் டெல்டாச் சொல். கடல் இரையுது என்றுதான் சொல்வோம். அன்றைக்குத்தான் பைபிளில் எங்கள் ஊர்ப் பேச்சு இருப்பது காதில் விழுந்தது.

நண்பன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஐயா, வாடை இப்ப கொண்டலாத் திரும்பிருக்கு. சோழகத்துக்கு மாறிச்சுன்னா புயல் தாண்டிடுச்சுன்னு எங்க தாத்தா சொல்லும்" என்றான். வாடை வடக்குக் காற்று, கொண்டல் கிழக்குக் காற்று, சோழகம் தெற்குக் காற்று. ஐயாவும் மறுக்கவில்லை. மூன்று பேரும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். விடியும் முன்பு காற்று தெற்கிலிருந்து வந்தது. புயல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையைக் கடந்திருந்தது.

நாங்கள் பிழைத்தோம், நாகைப் பக்கம் நூற்றுக்கணக்கானவர்கள் பிழைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே ஆந்திரக் கடற்கரையில் இன்னொரு புயல், பல ஆயிரம் பேர் செத்தார்கள் என்று ரேடியோ சொன்னது. "அவங்க ஜெபம் பண்ணலையா ஐயா?" என்று கேட்டேன். தமிழய்யா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "பண்ணிருப்பாங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாளில் இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொன்ன பிரசங்கிமார் பலரைக் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லாததையே நான் வைத்துக்கொண்டேன்.

படிப்பு, ஐடிஐ, பிறகு சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. இதில் எழுத ஒன்றுமில்லை, உங்களில் பாதிப் பேர் கதையும் அதுதான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, சிங்கப்பூரில் தமிழர்கள் கூடும் தேக்காவில் சாப்பிடப் போனபோது டிவி முன்னால் கூட்டம். சுனாமி, நாகப்பட்டினம் என்று எழுத்து ஓடியது. இரண்டு நாள் ஒரு நம்பரும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் என் வாயில் இருந்தது அந்த ஐந்து சொல்தான். நான்காவது சொல்லோடு நின்றுவிடும், ஐந்தாவது வரவில்லை.

ஜனவரி நடுவில் ஊருக்கு வந்தேன். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போயிருந்தார்கள். என் நண்பன் அம்மாவையும் சின்ன மகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, தார் அட்டைக் கொட்டகை ஒன்றில் இருந்தான். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற குடும்பம், கிறிஸ்தவன் இல்லை. என்னைப் பார்த்ததும் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு ஐயா சொன்னாருல்ல, அதுல பயப்படுகிற நாள்னுதானே இருக்கு? பகல்ல எனக்கு ஒண்ணும் இல்லடா. ராத்திரிதான்" என்றான்.

'சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று' என்கிற ஆதியாகம வரி என் நாக்கு நுனிக்கு வந்தது. வேதத்தில் நாள் தொடங்குவதே ராத்திரியில்தான் என்று விளக்கியிருக்கலாம். நல்லவேளை, சொல்லவில்லை. அந்த இடத்தில் அது வெறும் கெட்டிக்காரத்தனம்.

இருட்டியதும் சைக்கிள் மணி கேட்டது. தமிழய்யா. ரிட்டயர் ஆகிப் பல வருஷம். பொறையாறிலிருந்து கேரியரில் பாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சுனாமிக்கு அடுத்த வாரத்திலிருந்து தினமும் வருகிறாராம், ஒவ்வொரு ராத்திரி ஒவ்வொரு கொட்டகை வாசல்.

"என்ன ஜெபம் ஐயா பண்றீங்க இவங்களுக்கு?" என்றேன்.

"ஜெபத்தை வீட்டுலயே முடிச்சிட்டு வந்துடுவேன். இங்க வந்து படுக்கறதுதான் வேலை."

வாசலில் மூன்று பாய் விரித்தோம். நண்பன் நடுவில். கடல் இரைந்துகொண்டே இருந்தது, அதே நெல் தூற்றும் சத்தம். அவன் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "காத்து என்னடா இப்ப?" என்று ஐயா கேட்டார். "வாடைதான் ஐயா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் வாடைதான். மூன்றாம் முறை ஐயா கேட்டபோது அவனிடமிருந்து பதில் வரவில்லை.