பெயரில்லாத பிறப்புச் சான்றிதழோடு இங்கிலாந்து மாணவர் விசா

என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இல்லை. இது எனக்குத் தெரிந்ததே 22 வயதில்தான், 2024 ஜூலை 4 அன்று, விசாவுக்காக அதை ஸ்கேன் செய்யப் போன கடையில். அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, பிறந்த தேதி, மருத்துவமனை எல்லாம் இருக்கிறது. ‘குழந்தையின் பெயர்’ என்ற இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. கடைக்கார அண்ணன்தான் கவனித்தார். “இதுல பேரு எங்கம்மா?” வகுப்பு தொடங்க 81 நாள் இருந்தது.

அம்மாவிடம் கேட்டால் அலட்டிக்கொள்ளவே இல்லை. “உனக்குப் பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்புறமா போய்ச் சேர்த்துக்கணும்னு சொன்னாங்க. யாரு போனா?” பள்ளியில் சேர்க்கும்போது தேதியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்தே கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் பீரோவில் பத்திரமாக, போதாக்குறைக்கு லேமினேட் வேறு செய்து, ஒரு பெயரில்லாத காகிதத்தை வைத்திருந்திருக்கிறோம்.

இங்கிலாந்து விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் எதற்கு என்று கேட்பீர்கள். படிப்புக்கும் தங்கும் செலவுக்கும் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டிய பணம் உங்கள் கணக்கில் இருந்தால் வேண்டாம். என் விஷயத்தில் அது அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணம், அவர் கணக்கில் இருந்தது. பெற்றோர் பணத்தைக் காட்டினால் இரண்டு காகிதம் வேண்டும்: அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், அவர்தான் உங்கள் பெற்றோர் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ். எங்களுக்கு வழிகாட்டிய கன்சல்டன்சிக்காரர், “ஆதார்ல அப்பா பேரு இருக்குல்ல, அது போதும்” என்றார். போதாது. விதியில் பிறப்புச் சான்றிதழ், தத்துச் சான்றிதழ், பாதுகாவலர் என்று நீதிமன்றம் கொடுத்த ஆவணம், இவ்வளவுதான் இருக்கிறது. ஆதார் இல்லை. விதியை நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள். (சிங்கப்பூர், மலேசியா, சீனா போன்ற சில நாட்டு மாணவர்கள் இந்தப் பணக் காகிதங்களைக் கேட்டால் மட்டும் காட்டினால் போதும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. மலேசியாவில் இருக்கும் என் தோழி இதே விசாவை ஏதோ ரயில் டிக்கெட் எடுப்பது போல எடுத்துவிட்டுப் போனாள்.)

ஆங்கிலத் தேர்வு, அட்மிஷன், முன்பணம், காஸ் லெட்டர் (இடம் உறுதி என்று விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருவது) எல்லாம் ஒழுங்காக முடிந்தது. டி.பி. (காசநோய்) டெஸ்ட்டும் அப்படித்தான். இங்கிலாந்து அரசின் பட்டியலில் உள்ள கிளினிக்கில் மட்டும்தான் எடுக்க வேண்டும், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். சென்னைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தேன். இனி வருவதுதான் கதை.

பிரசவம் தாய்வீட்டில் என்பதால் நான் பிறந்தது அம்மாவின் ஊரில். பதிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெயர் சேர்க்க முடியும். எங்கள் வீட்டிலிருந்து அந்த ஊருக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஜூலை 8, திங்கட்கிழமை, அப்பாவும் நானும் விடியற்காலையில் கிளம்பி பத்து மணிக்கெல்லாம் அலுவலக வாசலில் நின்றோம். பிறப்பு இறப்புப் பிரிவு ஊழியர் பதினொன்றேகாலுக்கு வந்தார். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“22 வருஷமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

நான் என்ன சொல்வேன்? பிறந்து பத்து நாள் குழந்தையாக இருந்த நானா மனு எழுதிப் போட்டிருக்க முடியும்?

“பதினஞ்சு வருஷத்துக்குள்ள சேர்த்திருக்கணும். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. கோர்ட்டுக்குப் போங்க.” அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மொத்தம் மூன்று நிமிஷம். போகவர பத்து மணி நேரம்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போனில் தேடிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கிடைத்தது. பதினைந்து வருட வரம்பு உண்மைதான். ஆனால் அது தாண்டியவர்களும் 2024 டிசம்பர் 31 வரை பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசே அவகாசம் கொடுத்திருந்தது. இதைக் கிளம்பும் முன் வீட்டிலேயே தேடியிருக்கலாம். தேடவில்லை. அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாவது முறை போவதற்குள் வங்கியில் அடுத்த இடி காத்திருந்தது. அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

28 நாள் விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்ட வேண்டிய மீதிக் கல்விக் கட்டணமும் ஒன்பது மாதச் செலவுத் தொகையும் சேர்த்துக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. அந்த 28 நாள் முடிந்த தேதிக்கும் விண்ணப்பிக்கும் தேதிக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. என் படிப்பு லண்டனுக்கு வெளியே என்பதால் அப்போது மாதம் 1,023 பவுண்ட், ஒன்பது மாதத்துக்கு 9,207. மீதிக் கட்டணம் 12,500. மொத்தம் 21,707 பவுண்ட், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 23.5 லட்சம். (2025 ஜனவரி 2 முதல் அந்த 1,023 என்பது 1,136 ஆனது. அடுத்து வருகிறவர்கள் அன்றைய தொகையைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.)

ஜூன் 17 அன்று அப்பா 24 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டார். ஜூலை 16 அன்று ஸ்டேட்மெண்ட் வாங்கப் போனோம். அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். ஜூன் 18 முதல் கணக்கில் இருப்பு வெறும் 50,000.

எனக்குத் தலை சுற்றியது. அப்பா கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பணம் எங்கேயும் போகவில்லை. பணம் போட்ட அன்று கவுன்டரில் இருந்தவர், இவ்வளவு தொகை சும்மா கிடக்கிறதே என்று ‘ஆட்டோ ஸ்வீப்’ போட்டுவிட்டிருக்கிறார். 50,000க்கு மேல் இருப்பதெல்லாம் தானாக டெபாசிட்டுக்குப் போய்விடும். அப்பா நீட்டிய பாரத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கேட்டதற்கு அந்த ஊழியர், “நல்லதுதானே சார் பண்ணேன்? வட்டி கூட வருதே” என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

உடனே எடுக்கக்கூடிய டெபாசிட்டும் செல்லும் என்கிறார்கள். ஆனால் அந்த ஸ்வீப் டெபாசிட்டுகளுக்குத் தனி ஸ்டேட்மெண்ட் தர அந்தக் கிளைக்குத் தெரியவில்லை. மேலே கேட்டுச் சொல்கிறோம், ரெண்டு நாள் கழித்து வாங்க என்றார்கள். ஏற்கெனவே பிறப்புச் சான்றிதழில் ஒரு குளறுபடி, இதில் இன்னொன்றா என்று ஸ்வீப்பை ரத்து செய்யச் சொன்னேன். முழுப் பணமும் அன்று மாலையே சேமிப்புக் கணக்குக்குத் திரும்பியது. எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து. ஜூலை 16 முதல் ஆகஸ்ட் 12 வரை.

அந்த 28 நாளும் நான் தூங்கி எழுந்ததும் பார்த்தது பவுண்ட் விலையைத்தான். பவுண்ட் ஒரு ரூபாய் ஏறினால் எனக்குத் தேவைப்படும் தொகை 21,707 ரூபாய் ஏறும். கையில் கூடுதலாக இருந்தது ஐம்பதாயிரம் சொச்சம்தான். நீங்கள் பணம் போடும்போது குறைந்தது ஒரு லட்சமாவது சேர்த்துப் போடுங்கள். அப்படியே அந்தக் கணக்கில் ஏதாவது தவணை, இன்ஷூரன்ஸ் பிரீமியம் தானாகக் கழிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரி, அந்த அலுவலகத்துக்கு வருகிறேன். ஜூலை 18. கால அவகாசச் செய்தியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். அதே ஊழியர் இரண்டு முறை படித்தார். “இதெல்லாம் எங்களுக்கு வரலைம்மா.” நான் நகரவில்லை. “சார், உங்க மேலதிகாரிகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, அவர் முடியாதுன்னா நான் போயிடறேன்” என்றேன். முனகிக்கொண்டே உள்ளே போனார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து குரல் தெளிவாகக் கேட்டது: “வந்து ரொம்ப நாளாச்சேய்யா!”

என் வாழ்நாளில் இவ்வளவு இனிமையான ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை.

வெளியே வந்தவர் தோல்வியை அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாரா? “பத்தாம் வகுப்பு ஒரிஜினல் எங்க? நகல் செல்லாது. அம்மாவும் வந்து கையெழுத்துப் போடணும்.” அம்மா வீட்டில். ஒரிஜினல் மார்க்ஷீட்டும் வீட்டில். இந்த இரண்டையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். எனவே இதுபோன்ற எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அப்பா, அம்மா, எல்லா ஒரிஜினல், எல்லா நகல், நான்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஒரு பசை ட்யூப் என்று மொத்தக் குடும்பத்தையும் வண்டியேற்றிவிடுவதே மேல்.

ஜூலை 22 அன்று மூன்றாவது பயணம், இந்த முறை அம்மாவோடு. அம்மா கவுன்டரில் நின்று தன் அப்பா பெயரையும் தெருவையும் சொன்னதும் அந்த ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். “அந்த மாடி வீட்டுப் பொண்ணாக்கா நீங்க?” அவ்வளவுதான். நாற்காலி வந்தது, டீ வந்தது. பழைய பதிவேட்டைத் தூசி தட்டி அவரே எடுத்து வந்தார். இரண்டு முறை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மா பஸ்ஸில் திரும்பும்போது, “அந்தத் தம்பி நல்ல பையன்” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதிவேட்டைத் திறந்ததில் இன்னொரு நன்மை. பழைய சான்றிதழில் அப்பா பெயரின் கடைசி எழுத்துகள் இரண்டு விடுபட்டிருந்தன. வங்கிக் கணக்கில் முழுப் பெயர், சான்றிதழில் அரைப் பெயர். திருத்தம் என்றால் தனி மனு, தனி விசாரணை என்று பயந்துகொண்டிருந்தேன். பார்த்தால் பதிவேட்டில் பெயர் சரியாகவே இருக்கிறது. அன்றைக்குச் சான்றிதழில் படி எடுத்தவர்தான் கை சலித்துப் பாதியில் விட்டிருக்கிறார். புதிய சான்றிதழில் தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். தாமதக் கட்டணம் 200 ரூபாய் கட்டினோம். கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பு, அப்புறம் சர்வர் வேலை செய்யவில்லை என்று இழுத்து, ஆகஸ்ட் 9 அன்று சான்றிதழ் வந்தது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகியிருந்ததால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

28 நாள் முடிய இன்னும் மூன்று நாள் பாக்கி. வங்கி அப்படிச் சொதப்பாமல் இருந்தாலும் இந்தக் காகிதத்துக்காக நான் காத்திருந்துதான் ஆக வேண்டும். இதை அப்பாவிடம் சொன்னபோதுதான் பல நாளுக்குப் பிறகு சிரித்தார்.

ஆகஸ்ட் 13 காலையில் ஸ்டேட்மெண்ட் வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தச் சொல்லி, மதியம் விண்ணப்பத்தை அனுப்பினேன். விசாக் கட்டணம் அப்போது 490 பவுண்ட், அங்கே அரசு மருத்துவச் சேவைக்காக முன்கூட்டியே கட்டும் மருத்துவக் கட்டணம் 1,164. ஒரு வருடப் படிப்புக்கு எதற்கு ஒன்றரை வருட மருத்துவக் கட்டணம் என்று குழம்ப வேண்டாம், படிப்புக்கு முன்னும் பின்னும் விசா நீள்வதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். கார்டு முதலில் ஏறவில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நாம்தான் திறந்துவிட வேண்டுமாம். அதற்கு ஒரு அரை மணி நேரம், வியர்வை.

ஆகஸ்ட் 19 அன்று சென்னையில் கைரேகை. விண்ணப்ப மையத்தில் வேலை பத்தே நிமிஷம். ஆனால் அதற்கு முன் எஸ்.எம்.எஸ். வேண்டுமா, கூரியர் வேண்டுமா, தனி அறையில் உட்கார வேண்டுமா என்று ஒவ்வொன்றாக விற்றார்கள். ஆவணங்களை நீங்களே வீட்டிலிருந்து ஏற்றினால் இலவசம், அங்கே போய் ஸ்கேன் செய்யச் சொன்னால் காசு. நான் எல்லாவற்றையும் முன்பே ஏற்றியிருந்தேன். என் முன்னால் நின்ற பையன் ஏற்றவில்லை. அவன் பில்லைப் பார்த்துவிட்டு என் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் வரும் என்றார்கள். ஐந்து வேலை நாளில் வாங்க 500 பவுண்ட் கூடுதல் கட்டணம் உண்டு, அதைக் கட்ட மனசு வரவில்லை. செப்டம்பர் 6 அன்று மின்னஞ்சல் வந்தது. முடிவு எடுத்தாகிவிட்டது என்று மட்டும் இருந்தது, என்ன முடிவு என்று இல்லை. அப்போதெல்லாம் பாஸ்போர்ட் ஒரு ஒட்டிய உறைக்குள் வரும், பிரித்துப் பார்த்தால்தான் முடிவு தெரியும். 9ஆம் தேதி அந்த உறையை நான் பிரிக்கவில்லை, அம்மா பிரித்தார். விசா ஸ்டிக்கர் இருந்தது. நான் முதலில் பார்த்தது என் பெயரைத்தான். எழுத்து எழுத்தாக மூன்று முறை படித்தேன்.

அன்று இரவு பெட்டி கட்டும்போது அப்பா பீரோவிலிருந்து தம்பியின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். அதே அலுவலகம், அதே கையெழுத்து, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதே சின்னக் கோடு.

டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. இந்த முறை தனியாகவே போய் வருவதாக அம்மா சொன்னார்.