எஸ்பிளனேடில் ஒற்றை விளக்கு

இன்று மாலை கல்கத்தாவின் எஸ்பிளனேடில் டிராமை விட்டு இறங்கி நிமிர்ந்தபோது, இரட்டை விளக்குக் கம்பம் ஒன்றில் ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன்.

சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ (1963) படம் முடிவது இப்படியொரு விளக்கில்தான்.

வங்கி மூடப்பட்டதால் கதாநாயகி ஆரத்தியின் கணவனுக்கு வேலை போய்விட்டது. உடன் வேலை செய்த ஆங்கிலோ இந்தியப் பெண்ணுக்கு நேர்ந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல் ஆரத்தியும் வேலையை உதறிவிடுகிறாள். இருவரும் கல்கத்தாவின் கூட்டத்தில் கலந்து நடக்க, கடைசியாகத் திரையில் தெரியும் தெருவிளக்கில் இரண்டு பல்புகளில் ஒன்றே எரிகிறது.

இந்நகரத்தைக் களமாகக் கொண்ட படங்களில் ராயின் ‘பிரதித்வந்தி’யையும் (1970) மிருணாள் சென்னின் ‘இன்டர்வியூ’வையும் (1971) பலமுறை பார்த்திருக்கிறேன். வேலை தேடும் இளைஞர்களின் கோபம் கொதிக்கும் நகரம் அவற்றில் இருக்கிறது.

ஆனாலும் ‘மகாநகர்’தான் எனக்கு நெருக்கமானது. பின்னல் இயந்திரம் விற்க வீடு வீடாக ஏறி இறங்கும் ஒரு பெண்ணின் கால்கள் வழியாக, அவளுடைய தயக்கத்தின் வழியாக, முதல் சம்பளத்தைக் கையில் வாங்கியபோது ஆரத்தியாக நடித்த மாதவி முகர்ஜியின் முகத்தில் பரவும் அந்த வெளிச்சத்தின் வழியாக நாம் இந்த ஊரை அறிகிறோம். ஒரு நகரத்தைப் படமாக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

அப்பா வேலை பார்த்த ஆலை மூடப்பட்ட ஆண்டில், அம்மா புடவை மூட்டையோடு தெருத்தெருவாகப் போய் விற்றுவந்தார். அவருக்கு இந்தப் படத்தை நான் இன்னும் காட்டவில்லை. விளக்கைப் படம் எடுத்து இப்போதுதான் அனுப்பினேன்.